வெயில் சட்டைகளை அனுப்புகிறேன்

அன்புள்ள தெபாவோ,

காலையில் எழுந்ததும் முதல் வேலையாகப் பெட்டியைக் கட்டிலில் கவிழ்த்தேன். நீங்களும் நம் பிள்ளைகளும் நலம்தானே? நான் நலம்.

விடுதி அலமாரி சிறியது. குளிர்காலத் துணி தவிர மற்றதை வீட்டுக்கு அனுப்பிவிட வேண்டுமாம். எப்போதும் வெயிலடிக்கும் நம் தரவாத் தீவில் துணிக்கு ஏது பருவம்? இந்த நியூசிலாந்துக் குளிர் எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. நேற்று வெயிலை நம்பி மெல்லிய சட்டையோடு வகுப்புக்குப் போய், ஆலங்கட்டி மழையில் நனைந்து வந்தேன்.

"ஆன்ட்டி, இது டனீடன். காலையில நம்புனா சாயங்காலம் தும்மணும்!" என்று சிரித்தாள் பக்கத்து அறை ஹேஸல்.

"அப்ப எதைத்தான் அனுப்ப?"

"வெயில் சட்டை எல்லாத்தையும். லீவுக்குப் போறப்ப எடுத்துக்கலாமே!"

அவளுக்குச் சுலபம்; லீவு விட்டதும் வீட்டுக்குப் போய்விடுவாள்.

என் சட்டைகளைப் பெரியவள் போட்டுக்கொள்ளட்டும். சின்னவளின் சட்டை ஒன்றைத் துவைக்காமல் அனுப்புங்கள். வகுப்புக்கு நேரமாகிவிட்டது. இதை இன்னும் யாரிடமும் சொல்லவில்லை, சரியா என்றும் தெரியவில்லை: படிப்பு முடியும்வரை ஊருக்கு வரப்போவதில்லை. நடுவில் வந்தால் பிள்ளைகளை விட்டுத் திரும்பிப் போகமாட்டேன்.

தெரேசியா