காதுகுத்தில் ஏது என்ஜின்

ஆவணி 8, திங்கள்

காலையிலிருந்தே புழுக்கம். ஏரிப் பக்கம் காற்றே இல்லை. கடை ஷட்டர் உப்பில் ஊறித் தூக்க வரவில்லை. தேங்காய் எண்ணெய் விட்டேன்.

வேலை: திருப்பாலைவனத்துப் பெரியவர் கேசட். மகனின் காதுகுத்து, இருபது வருஷப் பழசு. விசிஆரிலிருந்து கம்ப்யூட்டரில் ஏற்ற வேண்டும். பாதி ஏறும்போது அவரே வந்து நின்றார். படத்தில் சாம்பல் பட்டை ஒன்று கீழிருந்து மேலே ஊர்கிறது. கூடவே ம்ம்ம் என்று இரைச்சல்.

"இன்னாபா, ரைஸ் மில்லுலயா காது குத்துனோம்? கோயில் மண்டபத்துல எட்த்தது."

டேப் பழசு என்றேன். இதே இரைச்சல் தோணிரேவு வசந்தா அக்காவின் கேசட்டிலும் வந்தது. அதைப் படகு என்ஜின் என்று சொன்னவன் நான். காதுகுத்தில் ஏது என்ஜின்?

மதியம் இறால் தொக்கு. இறங்கவில்லை.

செவ்வாய்

ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்த்தது:
டிவியை எடுத்தேன். அப்படியே.
ஆடியோ ஒயர் மாற்றினேன். அப்படியே. புது ஒயர் தண்டம்.
டிஷ் கேபிளை உருவினேன். பாதி குறைந்தது.
விசிஆர், கம்ப்யூட்டர் இரண்டும் ஒரே பிளக் போர்டில். இன்னும் கொஞ்சம் குறைந்தது.
லேப்டாப், சார்ஜர் போடாமல் பேட்டரியில். சுத்தம். குழந்தை வீறிடுவதுகூடத் தெளிவு.

டேப்பில் குறை ஒன்றுமில்லை. என் கடைக் கரண்டில்தான் கோளாறு.

பின்பக்கம் எர்த் குழியைத் தோண்டினேன். கம்பி துருவாக உதிர்ந்து கையோடு வந்தது. கடை கட்டும்போது எலெக்ட்ரீஷியன் சொன்னது: "உப்பு மண்ணு தம்பி. இங்க எர்த்து தானா புட்ச்சிக்கும்." தலையாட்டினேன். நங்கூரத்தையே உப்பு தின்பதைப் பார்த்து வளர்ந்தவன். புத்தி எங்கே போனது?

புதன்

பொன்னேரி போய்ச் செம்புக் கம்பி வாங்கிவந்து புதைத்தேன். காதுகுத்து மறுபடி ஏற்றினேன். பட்டை இல்லை, இரைச்சல் இல்லை. பெரியவருக்கு ஏகத் திருப்தி. எனக்கு இல்லை.

வ. அக்கா விஷயத்தை இங்காவது எழுதிவிடுகிறேன். இரண்டு வருஷம் முன்பு பழைய கேசட் ஒன்றை ஏற்றித் தரக் கொண்டுவந்தாள். அதில், அவள் வீட்டுக்காரர் புதுப் படகை முதன்முதலில் தண்ணீரில் இறக்கிய நாள். தேங்காய் உடைக்கிறார், "தள்ளு, தள்ளு" என்கிறார், அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார். படகு இறக்கிய மறுவருஷமே கடலில் இறந்துபோனார். மகள் அப்போது கைக்குழந்தை. அவர் குரல் வேறு எதிலும் இல்லை. அந்த ஒரே குரல் இரைச்சலில் பாதி அமுங்கிப்போனது.

என்ஜின் சத்தம், எடுக்க முடியாது என்றேன்.

"அன்னிக்கி என்ஜினே மாட்டலியே தம்பி. சும்மா தள்ளிவுட்டு சாமி கும்ட்டோம்."

சிரித்தேன். "டேப்புலயே கேக்குதேக்கா. உனுக்குத்தான் மறந்துபோச்சி."

படத்தில் படகின் முன்பக்கம் மட்டும்தான் தெரியும். பின்பக்கம் என்ஜின் இருந்ததா என்று நான் பார்க்கவே இல்லை. அந்தச் சிரிப்பை நினைத்தால் கூசுகிறது.

வியாழன்

தோணிரேவு போனேன். கேசட்டை வாங்கித் திரும்ப ஏற்றிக் கொடுத்துவிட்டால் எதையும் சொல்ல வேண்டாம் என்று ஒரு கோழைத் திட்டம். அக்கா நண்டு வலையில் சிக்கெடுத்துக்கொண்டிருந்தாள்.

"நீதான தம்பி இனிமே தேவயில்லன்ன? போகிக்கு எரிச்சிட்டோம்."

ஆமாம், நான்தான் சொன்னேன். மோர் குடித்தேன். வாயைத் திறக்கவில்லை. கிளம்பும்போது பையில் நாலு நண்டு போட்டுக் கொடுத்தாள். வாங்கிக்கொண்டேன். வெட்கம் கெட்டவன்.

வெள்ளி

தூறல். என்னிடம் இருந்த பதிவிலேயே இரைச்சலை வடிகட்டினேன். குரல் தகர டப்பாவுக்குள்ளிருந்து வருகிற மாதிரி. இதற்கு மேல் வராது.

மறுபடி போனேன். உட்காரவில்லை. நின்றபடியே சொன்னேன். டேப் நன்றாகத்தான் இருந்தது. அது என்ஜின் இல்லை. கோளாறு என் கடை எர்த்தில். கேசட் இனிமேல் தேவையில்லை என்றதும் என் தப்பு.

திட்டுவாள் என்று காத்திருந்தேன். மடியிலிருந்த வலையை இறக்கிவைத்தாள்.

"அப்ப அன்னிக்கி என்ஜின் இல்ல."

"இல்லக்கா."

"அந்த நாளே எனுக்கு மறந்துபோச்சின்னா, மத்ததெல்லாம் மட்டும் சரியா இருக்குமான்னு பயந்துட்டேன் தம்பி. ரெண்டு வருஷமா பொண்ணு அவங்க நைனாவப் பத்தி இன்னா கேட்டாலும், தெரிலன்னு சொல்லிகினு இருக்கேன்."