மூடி அழுத்தும் இடம்

பாஸ்டன்
14 நவம்பர் 1926

என் அருமை சபீனா அக்காவுக்கு,

நான் நலம். அங்கே நீயும் அண்ணனும் பசுக்களும் விட்ட இடத்திலேயே இருப்பீர்கள். அந்த வீட்டில் எதுதான் மாறியது?

சனிக்கிழமை நம் ஊர்க்காரர்களின் நடனக் கூடத்தில் நம் பக்கத்து மாவட்டத்துக் கெர்ரிக்காரன் ஒருவன் துள்ளி ஆடுவதற்குப் பிடிலில் ஒரு ஜிக் வாசித்தான். ஆட எழுந்தவள் அப்படியே நின்றுவிட்டேன். வெண்ணெய் கடையும்போது நீ வாயால் பாடுவாயே, அதே மெட்டு! விசாரித்தால், "எங்க தாத்தாவோட தாத்தா பஞ்சத்துல புள்ளைங்களப் பொதைச்சிட்டு வந்து கட்டுன மெட்டுங்க. 'புதைகுழி ஜிக்'னு பேரு" என்கிறான். இரண்டாம் பாதியில் மெட்டு ஒரு நொடி நின்றுவிட்டுத் தொடருமே, அங்கேதான் தாத்தாவுக்குத் துக்கத்தில் மூச்சடைத்ததாம். கிழவிகளெல்லாம் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அது உன்னுடையதுதானே? ஒரு வரி எழுது. மேடையேறி உன் பெயரைச் சொல்லிவிடுகிறேன்.

என் அறையில் இரண்டாவது கட்டில் இன்னும் காலிதான்.

உன் டீலியா

கிளேர்
9 ஜனவரி 1927

செல்ல டீலிக்கு,

தாத்தாவாவது மூச்சாவது! அது மூடியடி. கோலால் வேகமாகக் குத்தினால் நம் வெண்ணெய் கடையும் பீப்பாயின் மூடி எகிறும். அதை ஒரு கையால் அழுத்துவேன். அழுத்தும்போது பாட்டும் நிற்கும், அவ்வளவுதான்.

நீ கப்பலேறிய பிறகு ஒருநாள் ஊர் ஊராகப் போய்ப் பாத்திரங்களுக்குத் தகரம் அடிக்கும் கேரி உள்ளே வந்தான். கடையும் வீட்டில் கால் வைத்தவன் கோலைப் பிடித்து நாலு குத்துக் குத்தாமல் போனால் வெண்ணெயின் ராசியும் அவனோடு போய்விடும் இல்லையா, அவனும் பிடித்தான். "நீ பாட்ட நிறுத்தாத தாயி, கை தானா ஓடுது" என்றான். வெண்ணெய் திரள்வதற்குள் மெட்டு முழுவதும் அவனுக்குப் பாடமாகிவிட்டது. சந்தையில் பிடிலில் வாசித்து, நம் குடும்பப் பெயரிலேயே 'லினேன் வீட்டு வெண்ணெய்' என்று பெயரும் வைத்தானாம். கெர்ரிக்குப் போனதும் வெண்ணெய் பஞ்சமாகிவிட்டது போலிருக்கிறது!

என் வாயில் பிறந்தது பாஸ்டன் வரை போய்விட்டது. நான் எனிஸ் சந்தைக்குப் போயே வருஷமாகிறது. என் பிடிலின் தந்திகளை ஆஸ்டின் அண்ணன் கழற்றி முயலுக்குக் கண்ணி வைத்துவிட்டான். அங்கே வருகிறேன் என்று வாயெடுத்தால், "நீ போயிட்டா பசுவ யாரு கறப்பா? நான்சியக் கட்டிக்கிட்டு வந்த மறுநாளே உன்ன நானே கப்பலேத்தி விடுறேன், போதுமா?" என்கிறான். இங்கே தவக்காலத்துக்கு முன் கல்யாணம் நடந்தால் உண்டு, இல்லாவிட்டால் அடுத்த வருஷம்தான். போன வருஷம் வைக்கோல் போதவில்லை, அதற்கு முந்தின வருஷம் நான்சியின் அம்மாவுக்குக் கால் வீக்கம். தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதனன்று எனக்கு நெற்றியில் சாம்பலும் அடுப்படியில் இன்னொரு வருஷமும்.

டீலி, மூச்சு முட்டுகிறது. தாத்தாவுக்கு இல்லை, எனக்கு.

சபீனா

பாஸ்டன்
20 மார்ச் 1927

அக்கா,

இந்த வருஷமும் கல்யாணம் நடக்கவில்லையாமே. அண்ணனைத் திட்டி எழுதிய பக்கத்தைக் கிழித்துப் போட்டுவிட்டேன்.

கெர்ரிக்காரனிடம் மூடியைப் பற்றிச் சொன்னேன். கூடமே சிரித்தது. "இருக்கட்டும்மா, உங்கக்காவையே வந்து பாடச் சொல்லுங்க, அப்பப் பாப்போம்" என்றான்.

அதற்காகவாவது வா. கப்பல் சீட்டு இதோடு இருக்கிறது, ஒரு வருஷம் செல்லும். அதற்குப் பிறகு வெறும் காகிதம்.

டீலியா

கோவ் துறைமுகம்
24 பிப்ரவரி 1928

டீலிக் கண்ணே,

செவ்வாய்க்கிழமை அண்ணனுக்கும் நான்சிக்கும் ஒருவழியாகக் கல்யாணம் ஆயிற்று. மறுநாள் காலையில் கடைந்துகொண்டிருந்தேன். பெட்டியைக் கதவுக்குப் பின்னால் வைத்திருந்தேன். அண்ணன் அதைப் பார்த்துவிட்டான். "என்ன அவசரம்? இந்தக் கோடை மட்டும் இரேன். நான்சிக்கு இந்தப் பீப்பாயோட கொணம் புரியவேணாமா?" என்றான். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அப்போது பால் வாளியோடு நான்சி வந்தாள். "வேலைக்குக் கடவுள் துணை" என்று சொல்லி, வழக்கப்படி என் கையிலிருந்து கோலை வாங்கிக்கொண்டாள். என் கை இரண்டும் சும்மா தொங்கின. நான் மேலங்கியை மாட்டினேன்.

அவள் பாடிக்கொண்டே குத்தத் தொடங்கினாள். என் மெட்டு! "இது பஞ்ச காலத்துப் பாட்டு சபீனா, உனக்குத் தெரிஞ்சிருக்காது" என்றாள். நிறுத்த வேண்டிய இடத்தில் அவள் நிறுத்தவில்லை. மூடி எகிறிப் பாலாடை தரையெல்லாம் தெறித்தது. "இந்த மூடி ஏன் இப்பிடி துள்ளுது?" என்று என்னைப் பார்த்தாள்.

சொல்லியிருக்கலாம். ஆனால் சொன்னால் காட்ட வேண்டும், காட்ட மூடியில் கை வைக்க வேண்டும். வைத்த கையை மறுபடி எடுக்க என்னால் முடியாது, டீலி.

"பழகிடும் நான்சி" என்று சொல்லிவிட்டுப் பெட்டியை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன். மறுபடி மூடி எகிறும் சத்தம் முற்றத்திலும் கேட்டது. நான் திரும்பவில்லை.

கூடத்தில் என்னைப் பாடச் சொல்லாதே. அது அந்தத் தாத்தாவுடையதாகவே இருக்கட்டும். இந்தக் கடிதமும் நானும் ஒரே கப்பலில்தான் வருகிறோம். நான் முந்திக்கொண்டால் கதவைத் திற.

உன் அக்கா
சபீனா