மன்கோபாவுக்கு எடுத்த சீட்டு

லவுமிசா,
12 செப்டம்பர் 1997

அன்புள்ள லாமாவுசோவுக்கு,

இங்கு நலம். உன் உடம்பைப் பார்த்துக்கொள். இதை நீயே எழுத்துக்கூட்டிப் படி. வேலை செய்யும் வீட்டு அம்மாவிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லாதே. மகன் சாவுக்கு லீவு தராத அந்த அம்மா நன்றாக இருக்கட்டும்.

அடக்கம் முடிந்தது. கறுப்பு மாட்டை அறுத்தோம். மழை இல்லை, சோளம் இன்னும் விதைக்கவில்லை. அண்ணன் வருவோர் போவோரிடமெல்லாம், "தம்பி போய்ப் பையனக் கூட்டியாந்துட்டான், இனி ஒரு குறையுமில்ல" என்கிறார். நான் தலையாட்டுகிறேன்.

உன்னிடம் மட்டும் உள்ளதைச் சொல்கிறேன். உடலை வண்டியில் அனுப்பிவிட்டார்கள். உயிரை முள்மரக் கிளையில் ஏற்றி அழைத்துவர, அவன் வேலை பார்த்த ம்பபானேவுக்கு நான் போனேன், வாழ்நாளில் முதல் முறை. மலைமேல் ஊர். பகலிலேயே மூடுபனி. மேஸ்திரி அவன் சாரத்திலிருந்து விழுந்த இடத்தைக் காட்டினார். கழுவிவிட்டிருந்தார்கள். கிளையால் தரையைத் தொட்டு, "மன்கோபா, அப்பா வந்திருக்கேன். எழுந்திரு, வீட்டுக்குப் போவோம்" என்றேன்.

பிறகு வீடு சேரும்வரை அவனைத் தவிர யாரிடமும் பேசக்கூடாதே, பேசினால் உயிர் கூட வராதே. பேசவில்லை. "ரோட்டத் தாண்டறோம்பா", "பாலம் வருது, பாத்து வா" என்று சொல்லிக்கொண்டே நடந்தேன். ஜனங்கள் விலகி வழிவிட்டார்கள். அந்த ஊரை நான் குறை சொல்ல மாட்டேன்.

வண்டி நிலையத்தில் இரண்டு விரலைக் காட்டி இரண்டு சீட்டு எடுத்தேன். கிளையை ஜன்னலோரம் உட்காரவைத்தேன். நடத்துநன் பாட்டை நிறுத்திவிட்டு, "சத்தம் போடாதீங்கப்பா, ஒருத்தர் வீட்டுக்குப் போறாரு" என்றான்.

கிளம்பும் நேரத்தில் வெளியே ஒருவன் முதுகு காட்டி நின்றான். மன்கோபாவுக்கு நீ வாங்கி அனுப்பிய சிவப்புக் குளிர் ஜாக்கெட். முழங்கையில் நீ போட்ட ஒட்டு. செத்தவன் துணியைத் திருடியிருக்கிறான் என்று எனக்கு ரத்தம் கொதித்தது. "திருட்டு நாயே, கழட்டுடா என் புள்ள சட்டைய" என்று கத்திவிட்டேன்.

கூட வேலை பார்த்தவனாம். "காய்ச்சல்ல நடுங்கிட்டிருந்தேன்பா, மன்கோபாதான் போத்திவிட்டான். குடுத்துடலாம்னு காலையிலேர்ந்து உங்களத்தான் தேடிட்டிருக்கேன்" என்றான். அதற்குள் வண்டி நகர்ந்துவிட்டது. வண்டியில் ஒருவரும் என் முகத்தைப் பார்க்கவில்லை. மன்கோபாவிடம் பேசிப் பார்த்தேன். பக்கத்து இருக்கையில் யாரும் இல்லை, லாமாவுசோ. நான் அப்போதே இறங்கித் திரும்பிப் போயிருக்க வேண்டும். இங்கே குழி வெட்டிக் காத்திருந்தார்கள், வெட்கத்தில் இறங்கவில்லை. பெட்டிமேல் வெறும் கிளையைத்தான் வைத்தேன்.

கிறிஸ்துமஸுக்கு வரும்போது ம்பபானேயில்தானே வண்டி மாறுவாய்? இதோடு ஒரு கிளை அனுப்பியிருக்கிறேன். நம் ஊர் வண்டி நிற்கும் இடத்தில், தக்காளிக் கடைக்கு எதிரே நின்று அவனைக் கூப்பிடு. அப்பா திட்டியது உன்னை இல்லை என்று முதலில் சொல். அவனுக்கும் ஒரு சீட்டு எடு. வழியில் யாரிடமும் வாய் திறக்காதே. வாசலில் நான் நிற்பேன். என்னிடமும் பேசாதே. என்னைத் தாண்டி அவனை உள்ளே கூட்டிப் போய்விடு.

இப்படிக்கு,
எலியாஸ் ஷோங்வே