காதில் சொல்ல வேண்டிய பெயர்

பாகூர்,
12 மார்ச் 1936

அன்புள்ள தம்பிக்கு,

சைகோனில் உனக்குத் தந்தி கிடைத்திருக்கும். அப்பாவின் அடக்கம் ஒழுங்காக முடிந்தது.

உயிர் பிரியும்போது காதில் ஆண்டவர் பெயரைச் சொல்லி அனுப்புவது நம் வழக்கம் அல்லவா? அதற்காகத்தான் கட்டிலைச் சுற்றி நின்றோம். நம் கத்தோலிக்கக் கோயில் உபதேசியார், காதில் "சேசுவே" என்று சொல்லக் குனிந்தார். புரொட்டஸ்டண்ட் மிஷன் சபையில் சேர்ந்துவிட்ட கடலூர்ச் சித்தப்பா அவர் தோளைப் பிடித்து இழுத்தார்.

"இயேசுன்னு சொல்லுய்யா. சேசுன்றது பறங்கி கொண்டாந்த பேரு."

"அப்ப உங்கண்ணன் இத்தினி வருசமா கும்பிட்டது இன்னா, பறங்கியவா?"

எனக்கு எரிச்சல் பொறுக்கவில்லை. பிடித்திருந்த அப்பாவின் கையைக் கீழே வைத்துவிட்டு எழுந்தேன். எபிரேயத்தில் யெஷுவா, கிரேக்கத்தில் இயேசூஸ், போர்த்துகீசில் ஜெசூஸ், அதிலிருந்து நம் சேசு, பிரெஞ்சில் ழெசு, எல்லாம் ஒருவரே என்று வகுப்பில் சொல்வதுபோல் விளக்கினேன். சித்தப்பா மறுத்தார். நானும் விடவில்லை.

தண்ணீர் கொண்டுவந்த வேலைக்காரி பவுனம்மாள்தான் பேச்சை நிறுத்தினாள்.

"பெரியவரு போயி நாழியாவுதும்மா."

சித்தப்பாவும் உபதேசியாரும் இன்னும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. கல்லறையில் சேசு என்று வெட்டுவதா, இயேசு என்று வெட்டுவதா என்று இருவரும் என்னிடம் வந்து கேட்கிறார்கள். உன் விருப்பத்தை எழுது, அப்படியே செய்கிறேன். கடைசியில் அப்பா காதில் எந்தப் பெயரைச் சொன்னோம் என்று மட்டும் கேட்டு எழுதாதே.

உன் அக்கா