மஞ்சள் போஸ்டரில் ஒரு கை

ஓசூர்
05.03.2024

அன்புத் தங்கை சுகுணாவுக்கு,

அண்ணன் சம்பங்கி எழுதுவது. நீ வாக்கப்பட்ட மலையில் டவர் கிடைக்காத புண்ணியத்தில் எனக்குக் கடிதம் எழுதும் பழக்கம் வந்துவிட்டது. குழந்தைக்குச் சளி விட்டதா?

ஒரு நல்ல சேதி. மாப்பிள்ளை போன மாதம் சேர்ந்தாரே, அந்தக் கம்பெனியில் பாதுகாப்பு வாரத்துக்கு எங்கள் அச்சுக்கடையில் நான் வரைந்த போஸ்டரைத்தான் ஒட்டியிருக்கிறார்கள். மஞ்சள் தாள். தகடு வெட்டும் கறுப்பு பிரஸ் மெஷின். அதனடியில் சிக்கிய தகட்டை எடுக்க நீளும் ஒரு வெள்ளைக் கை. கீழே ‘இப்படிச் செய்யாதே’ என்று இரண்டே சொல். கையின் மேல் சிவப்பாகப் பெருக்கல் குறி போடச் சொன்னார்கள், அழகு கெட்டுவிடும் என்று மறுத்தேன். கன்னடம், தெலுங்கிலும் எழுதலாமே என்றார்கள். “மூணு பாஷையும் போட்டா கல்யாணப் பத்திரிகை ஆயிரும் சார்” என்றேன். சிரித்துக்கொண்டே விட்டுவிட்டார்கள்.

மாப்பிள்ளை என்ன சொன்னார் என்று கேட்டு எழுது. என்னிடம் சொல்லக் கூச்சப்படுவார்.

உன் அண்ணன்,
சம்பங்கி


நாட்றாம்பாளையம்
12.03.2024

அன்புள்ள அண்ணாவுக்கு,

சளி விட்டது, சேட்டை விடவில்லை. போஸ்டரைப் பற்றி இவ்வளவு எழுத நேரமிருக்கிறது, தங்கையை எட்டிப் பார்க்க மட்டும் நேரமில்லை. புளி உலுக்கி முடித்தோம். உனக்கென்று ஒரு தூக்கு எடுத்து வைத்திருக்கிறேன், வந்தால்தான் தருவேன்.

அவர் ஞாயிற்றுக்கிழமை வந்திருந்தார். உன் படத்தைத் தினமும் பார்க்கிறாராம். “உங்கண்ணன் வேலை கத்துக் குடுக்கற மாதிரியே வரஞ்சிருக்காரு” என்று ஒரே பெருமை. உனக்குத் தலைகால் புரியாதே என்று எழுதத் தயங்கினேன்.

அன்புத் தங்கை,
சுகுணா


ஓசூர்
04.04.2024

அன்புள்ள சுகுணா,

விபத்துக்குப் பிறகு இது மூன்றாவது கடிதம். எதற்கும் பதிலில்லை. சொல்லாமல் கொள்ளாமல் மாப்பிள்ளையை ஆஸ்பத்திரியிலிருந்து ஊருக்குக் கூட்டிப் போய்விட்டாய்.

அந்த மெஷினில் அவருக்கு இரண்டு விரல் போனதில் எனக்குச் சோறு இறங்கவில்லை. “எழுதித்தான போட்டிருக்கு மாப்ளே, கண்ணு தெரியலையா?” என்று பத்துப் பேர் எதிரில் நான் கத்தியது உண்மைதான். பதற்றத்தில் வந்த வார்த்தை. அவர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

ஆனால் போஸ்டருக்கு நேர் எதிரில் நின்றுகொண்டு ஒரு மனிதர் எப்படிக் கையை விடுவார்? எனக்கு இன்னும் விளங்கவில்லை. போஸ்டர் வரைந்தவன் என்று கம்பெனி விசாரணைக்கு என்னையும் கூப்பிட்டு ‘எச்சரிக்கை தெளிவாக இருந்தது’ என்று எழுதி நீட்டினார்கள், கையெழுத்துப் போட்டேன். இருந்ததைத்தானே சொன்னேன்? அதைக் காட்டி அவரை வேலையை விட்டு நிறுத்துவார்கள் என்று நினைக்கவில்லை.

ஒரு வரி எழுது.

சம்பங்கி


நாட்றாம்பாளையம்
15.04.2024

அண்ணாவுக்கு,

அவருக்குத் தமிழ் படிக்கத் தெரியாது.

ஆனேக்கல் பக்கம் மாமன் வீட்டில் வளர்ந்து கன்னடப் பள்ளியில் படித்தவர். பேசுவது நம்மைப் போலவே இருப்பதால் உனக்குச் சந்தேகம் வரவில்லை. பெண் பார்க்க வந்த அன்று நீ அச்சடித்த நோட்டீஸைப் புரட்டிவிட்டு “ரொம்ப நல்லாருக்கு மச்சான்” என்றாரே, அது படித்துச் சொன்னதல்ல. உன்னிடம் சொல்லக் கூடாதென்று என்னிடம் சத்தியம் வாங்கியிருந்தார். எழுத்திலேயே பிழைக்கிற மச்சான் முன்னால் அவருக்கு வெட்கம்.

உன் போஸ்டரில் அவர் படத்தைத்தான் பார்த்தார். தகடு சிக்கினால் கையை விட்டு எடுக்க வேண்டும் என்று அது சொன்னது. வேண்டாம் என்பதை நீ எழுத்தில் மட்டும்தான் வைத்திருந்தாய். மச்சான் வரைந்தது, தப்பாக இருக்காது என்று நம்பினார்.

வேலை கற்றுக் கொடுக்கிற மாதிரி என்று அவர் சொன்னபோதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். உன் பெருமையில் நானும் சேர்ந்து சிரித்தேன். அந்தப் பாவம் என்னையும் சும்மா விடாது.

சுகுணா


ஓசூர்
28.04.2024

அன்புள்ள சுகுணா,

போஸ்டரைக் கிழித்துவிட்டேன். புதிதில் சிவப்புக் குறியும் மூன்று மொழியும் இருக்கின்றன. முதலிலேயே செய்திருந்தால் என்று நினைத்து நினைத்து மாய்கிறேன்.

விசாரணையில் கையெழுத்துப் போட்ட தாளைத் திரும்ப வாங்கத்தான் தைரியம் வரவில்லை. அந்தக் கம்பெனி ஆர்டரில்தான் எங்கள் கடையே ஓடுகிறது. கொஞ்சம் ஆறட்டும், கட்டாயம் செய்கிறேன்.

இத்துடன் இருக்கும் தாள் மாப்பிள்ளைக்கு. நீ படித்துக் காட்ட வேண்டியதில்லை, கன்னடத்தில்தான் இருக்கிறது. கடையில் ஒட்டுவேலை செய்யும் நாராயணம்மா எழுதிக் கொடுத்ததைப் பார்த்து ஒவ்வோர் எழுத்தாக நானே எழுதினேன். நான்கு நாளாயிற்று. என்னை மன்னிக்கச் சொல்.

சம்பங்கி


நாட்றாம்பாளையம்
09.05.2024

அண்ணாவுக்கு,

தாளைக் கொடுத்தேன். இடது கையில் பிடித்து இரண்டு முறை படித்தார். எழுத்துக் கோணலாக இருந்தாலும் புரிகிறது என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது, எல்லாம் சரியாகிவிடும் என்றுகூட நினைத்தேன்.

சாப்பிடும்போது ஒன்று கேட்டார். அப்படியே எழுதுகிறேன். “பத்துப் பேரு முன்னாடி திட்டுனாரு. கம்பெனிக்காரன் முன்னாடி கையெழுத்துப் போட்டாரு. மன்னிப்பு மட்டும் ஒட்டுன கவர்லயா சுகுணா?”

இதற்குப் பதில் உனக்குத் தெரிந்தால் அதைக் கம்பெனியில் எல்லார் முன்னாலும் போய்ச் சொல்லிவிட்டு வா. அதுவரை வர வேண்டாம்.

சுகுணா