முறிகண்டியில் நிற்காத ஹீலியம்

யூன் 10, திங்கள்

சோளகக் காற்று தொடங்கிவிட்டது. ஆய்வுகூட யன்னலெல்லாம் புழுதி. காலையில் என்.எம்.ஆர் கருவியின் பெரிய காந்தத்துக்குக் குளிர் குறையாமல் திரவ நைதரசன் ஊற்றினேன். வழக்கம்போல வெள்ளைப் புகை வழிந்து தரையெல்லாம் பரவியது. கணுக்கால் வரை மேகம். வேலையை மறந்து கொஞ்ச நேரம் அதற்குள் நின்றேன். இதற்குச் சம்பளமும் தருகிறார்கள்.

நைதரசன் பரவாயில்லை. உள்ளே சுருளைக் குளிரவைக்கும் திரவ ஹீலியம்தான் கவலை. மட்டம் சிவப்புக் கோட்டுக்குச் சற்று மேலே. கோட்டுக்குக் கீழே போனால் சுருள் சூடாகும், அதில் ஓடும் மின்சாரம் நின்றுவிடும், காந்தம் வெறும் தகரப் பீப்பா. கொழும்பிலிருந்து ஹீலியம் வியாழன் வருமாம்.

பேராசிரியர்: "உது போனால் இனி ஒருத்தரும் வந்து ஏத்தித் தரமாட்டினம், பிள்ளை. லாபைப் பூட்டவேண்டியதுதான்."

வாங்க: தடித்த கையுறை. றப்பர் வளையம். வீட்டுக்குச் சீனி, நெருப்புப்பெட்டி.

யூன் 11, செவ்வாய்

மத்தியானம் கரண்ட் இல்லை. வீதியே அமைதி. காந்தத்துக்குப் பக்கத்தில் கதிரை போட்டுச் சும்மா இருந்தேன்.

நான் இங்கே சேர்ந்த வருடம் வெளிநாட்டு எஞ்சினியர் ஒருவர் வந்து ஒரே ஒரு தடவை உள்ளே மின்சாரம் ஏற்றிவிட்டுப் போனார். பிறகு யாரும் அதைத் தள்ளவில்லை. வயர்கூட இல்லை. அந்தக் குளிருக்குள் தன்பாட்டில் சுற்றிக்கொண்டே இருக்கிறது. நாடு இருட்டாய்க் கிடந்த மாதங்களிலும் சுற்றியது. அன்றைய அதே ஓட்டம். அன்றைய நானும் உள்ளே எங்கோ சுற்றிக்கொண்டிருப்பதாக ஒரு நினைப்பு. கண் சொக்கிவிட்டது.

வீட்டில் இவரிடம் சொன்னேன். "உந்தக் காந்தத்தையே நீர் கட்டியிருக்கலாம்" என்கிறார். குழம்பில் உப்புக் கூடவாம்.

யூன் 13, வியாழன்

கொளுத்தும் வெயில். விடியவே லொறிச் சாரதி குகனுக்கு ஃபோன். ஹீலியம் வழியெல்லாம் ஆவியாகிக்கொண்டே வரும், தாமதித்தால் ஒன்றும் மிஞ்சாது, எங்கும் நிற்கவேண்டாம் என்றேன்.

"முறிகண்டியிலை கூடவோ, மிஸ்?"

"ஓம், அங்கையும்தான்."

கண்டி வீதியால் வரும் எந்த வாகனமும் அந்தப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைக்காமல் தாண்டாது. நாங்கள் சேர்ச்சுக்குப் போகும் வேதக்காரர், எங்கள் வான் வண்டியே அங்கு நிற்கும், கச்சான் கடலை வாங்கவாவது. அவசரத்தில் சொல்லிவிட்டேன். "சரி மிஸ்" என்றார்.

மத்தியானம் குகனின் அழைப்பு. ஆனையிறவில் ஃபான் பெல்ட் அறுந்ததாம். "அப்பவே கேட்டனான் தானே, மிஸ்." மெக்கானிக் வந்து மாற்றியும் ஆயிற்றாம். ஆனால் வண்டியை எடுக்கமாட்டாராம். லொறியை வெட்டையில் வெயிலில் விட்டுவிட்டு, பஸ் ஏறித் திரும்பி முறிகண்டிக்குப் போகிறார், தேங்காய் உடைக்க. சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. கோபிக்க முடியவில்லை. தாண்டச் சொன்னது நான்.

பொழுதுபடத்தான் வந்து சேர்ந்தார். நெற்றி நிறையத் திருநீறு. "இனிப் பயமில்லை, மிஸ்." எனக்கும் ஒரு கடதாசிச் சரை கச்சான். கொள்கலனுக்குள் கோல் விட்டுப் பார்த்தோம். அடியில் கொஞ்சம்.

யூன் 14, வெள்ளி

காற்றே இல்லை. கதவெல்லாம் திறந்துவைத்து ஊற்றத் தொடங்கினோம். மட்டம் மெல்ல மெல்ல ஏறியது. சீறல் ஒரே சீராக, தாலாட்டுப்போல. கொள்கலன் வெறுமையாகும் கணத்தில் குழாயை இழுத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் சூட்டு வாயு உள்ளே போய்ச் சுருளைச் சூடாக்கிவிடும். எனக்கு இது மனப்பாடம்.

சீறல் மாறியது. எனக்குக் கேட்டது.

"எடுப்பமே, பிள்ளை?" பேராசிரியர்.

"கொஞ்சம் பொறுங்கோ, சேர்."

இன்னும் ஒரு சொட்டு இருக்கும் என்ற ஆசை. அவ்வளவுதான்.

பெரிய உறுமல். உள்ளே இருந்த ஹீலியம் முழுக்க ஆவியாகிக் கூரை முட்ட வெள்ளை. எல்லாரும் வெளியே ஓடி வேப்பமரத்தடியில் நின்றோம். கதவால் மேகம் வந்துகொண்டே இருந்தது. நல்ல வடிவாக இருந்தது, அதுதான் கொடுமை. குகன் பாவம், "தேங்காய் உடைச்சனான் மிஸ், உடைச்சனான்" என்று திரும்பத் திரும்ப. உங்களிலை பிழையில்லை என்றேன்.

பின்னேரம் தனியே உள்ளே போனேன். இத்தனை வருடத்தில் அந்த அறைக்குள் இரும்பு ஒன்றும் கொண்டு போனதில்லை. இன்று கொண்டை ஊசிகளைக் கழற்ற மறந்துவிட்டேன். நடுவில்தான் நினைவு வந்தது. காந்தத்தில் தலையைச் சாய்த்துப் பார்த்தேன். ஒன்றும் இழுக்கவில்லை.