வராத முதலாளிக்காகக் காத்து நிற்கும் கறுப்பு வண்டி

இப்போது இருக்கிற இடத்தில் டார்கெட் எதுவும் இருக்காது என்று நான் நம்புகிற என் ஜெபா அண்ணனுக்கு,

நீங்கள் இருந்திருந்தால் நலம் விசாரிப்பதற்கு முன்பே "கறுப்பு வண்டி போச்சா பாப்பா?" என்றுதான் கேட்டிருப்பீர்கள். இன்னும் போகவில்லை அண்ணே. இந்தச் சாயங்காலம்வரை ராஜபாளையம் ஷோரூமின் நடுவில், நீங்களும் நானும் துடைத்துத் துடைத்து ஓய்ந்த அதே இடத்தில்தான் நிற்கிறது. நாளைக் காலையில் போகவேண்டும். எனக்குத்தான் இருப்புக்கொள்ளவில்லை.

நீங்கள் போனது ஒரு மாதக் கடைசியில். "வாயுதான், டீ குடிச்சா சரியாப் போயிரும்" என்று நெஞ்சைத் தடவிக்கொண்டு இன்னொருவரை டெஸ்ட் டிரைவுக்குக் கூட்டிப்போனீர்கள். மறுநாள் எங்கள் வாட்ஸ்அப் குழுவில் உங்கள் படத்தைப் போட்டு இரங்கல் சொன்னார் மேனேஜர். அதற்கு அடுத்த செய்தியும் அவர் போட்டதுதான். இந்த மாத டார்கெட் இன்னும் முடியவில்லை என்று. படித்துவிட்டு போனைச் சுவரில் எறியலாம் போலிருந்தது. எறியவில்லை. எனக்கும் அந்த மாதச் சம்பளம் வேண்டியிருந்தது.

கம்பெனியிலிருந்து போன வாரம் ஓர் ஆள் வந்திருந்தார். கறுப்பு வண்டியின் மாடலை, இந்தப் பெரிய செடானை, தொடர்ந்து தயாரிப்பதா, நிறுத்துவதா என்று மேலே பேசிக்கொண்டிருக்கிறார்களாம். எல்லோருக்கும் இப்போது உயரமான வண்டிதான் வேண்டும். நீளமாக, தாழ்வாக இருக்கிற இதை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. இது நின்றுபோனால் ஷோரூமில் பெரிய கார் பிரிவே இருக்காது. பிரிவு இல்லையென்றால் எனக்கும் வேலை இல்லை. "உங்க ஊர்ல ஒண்ணாவது போனா, மேல சொல்லிக்க ஒரு வார்த்தை இருக்கும்" என்றார் அவர், மிக மரியாதையாக.

ஆனால் அந்த ஒன்று யாருக்குப் போகவேண்டும் என்று எங்கள் ஷோரூமில் ஒரு வழக்கம் இருக்கிறதே. புது மாடலின் முதல் வண்டி ஒரு முதலாளி வீட்டுக்குத்தான் போகவேண்டும். மாலை போட்டுச் சாவி கொடுக்கிற படத்தைப் பெரிதாக்கி, உள்ளே நுழைந்ததும் தெரிகிற சுவரில் மாட்டுவோம். வருகிறவர்கள் விலையைக் கேட்பதற்கு முன்னால் அந்தப் படத்தைத்தான் பார்ப்பார்கள். "அவியளே எடுத்திருக்காகளா? அப்ப சரி." இந்த ஊரில் இன்ஜினைப் பார்த்து வாங்குகிறவர்களைவிட, முதலில் யார் வாங்கினார்கள் என்று பார்த்து வாங்குகிறவர்கள்தான் அதிகம்.

கறுப்பு வண்டிக்கு அந்தச் சுவரில் இடம் காலியாகவே கிடந்தது. ஒரு மில் முதலாளி வீட்டில் "பாப்போம்" என்று சொன்னார்கள். அந்த ஒரு சொல்லை நம்பி, வருகிறவர்களிடம் அதைப் பற்றி வாயே திறக்காமல் இருந்தார் மேனேஜர். நீங்களும்தான். "மொதல்ல பெரிய வீட்டுக்குப் போகட்டும் பாப்பா, பொறவு தானா போகும்" என்று என்னிடம் சொன்னீர்களே, சொல்லும்போது உங்களுக்கு எதுவும் உறுத்தவில்லையா அண்ணே? நீங்கள் வேலைக்குச் சேர்ந்த அன்று, படிப்பைக் கேட்பதற்கு முன்னால் உங்கள் தெருவைக் கேட்டவர்கள்தானே இவர்கள்?

நேற்று மதியம் மம்சாபுரத்திலிருந்து ஒரு புருஷனும் பெண்டாட்டியும் வந்தார்கள். அவர் முருகேசன், மில்களில் கழிவுப் பஞ்சை மொத்தமாக எடுத்து விற்கிறவர். அவர் மனைவி பேச்சியம்மாள் முட்டியைப் பிடித்துக்கொண்டுதான் எங்கள் படியையே ஏறினார். வழக்கம்போல நான் உயரமான வண்டியைக் காட்டினேன். அந்த அம்மா திறந்த கதவையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இதுல ஏறுறதுக்கு ஏணி தனியா தருவீகளா?"

முருகேசன் சிரித்துவிட்டார். "அவளுக்கு முட்டி தேஞ்சுபோச்சும்மா. ஸ்ரீவில்லிபுத்தூர் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேருறதுக்குள்ள ஆட்டோவுலயே பாதி உசுரு போயிருது."

"நீங்க ஏறுற வண்டியாக் காட்டுதீக. எனக்கு உக்காருற வண்டி வேணும்" என்று சொல்லிவிட்டு, அந்த அம்மா நேராகக் கறுப்பு வண்டியிடம் போனார். பின்கதவைத் திறந்தார். முதலில் உட்கார்ந்தார், பிறகு ஒவ்வொரு காலாக உள்ளே எடுத்து வைத்தார். நீட்டிப் பார்த்தார். எதிலும் இடிக்கவில்லை. "ஏங்க, இம்புட்டு எடமா! நம்ம அடுப்படிகூட இம்புட்டு இல்லியே!"

கம்பெனி கொடுத்த பயிற்சியில் தொடுதிரையைப் பற்றிச் சொல்லச் சொன்னார்கள், தோல் சீட்டைப் பற்றிச் சொல்லச் சொன்னார்கள். முட்டி வலிக்கிற ஒரு பொம்பளைக்கு இந்த வண்டி எப்படித் தோதுப்படும் என்று யாருமே யோசித்ததில்லை.

அதற்குள் மேனேஜர் என்னை அறைக்குள் கூப்பிட்டார்.

"எங்க இருந்து வாராக?"

"மம்சாபுரம் சார்."

"ஊரைக் கேக்கலம்மா. தெருவைக் கேக்கேன்."

சொன்னேன். அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "மொத வண்டி அங்க போச்சுன்னா பொறவு எவனும் இதைத் தொடமாட்டான். போட்டோ வேற மாட்டணும். புக்கிங் ஆயிருச்சுன்னு சொல்லி அனுப்பு."

"இப்ப மட்டும் எவன் சார் தொடுதான்? தூசி மட்டுந்தான் தொடுது."

முறைத்தார். அவரே வெளியே வந்து, வண்டி புக்கிங் ஆகிவிட்டது என்று சிரித்துக்கொண்டே சொன்னார்.

"யாரு பேருல சார்?" என்று கேட்டார் முருகேசன். மேனேஜர் அதையே மறுபடி சொன்னார். முருகேசன் சுவரில் இருந்த படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். ஒருவர் முகம் அப்படிச் சுருங்குவதைப் பக்கத்தில் நின்று பார்ப்பது கொடுமை அண்ணே. "ஏட்டி பேச்சி, எந்திரி. போவோம்."

அந்த அம்மா எழுந்திருக்கவில்லை.

"நான் எங்க வாரது? இங்கதான் முட்டி வலிக்கல. புக்கிங் பண்ணுன மகராசன் வரட்டும். பாத்துட்டு எறங்குதேன்."

"அம்மா, அப்படியெல்லாம் உக்காரக் கூடாது" என்றார் மேனேஜர்.

"ஏன், சீட்டு தேஞ்சிருமா? ஒரு போனைப் போடுங்க சார். அப்படி ஒரு ஆளு இருந்தா வருவாருல்ல."

சர்வீஸ் பக்கமிருந்து ஆட்கள் எட்டிப் பார்க்க ஆரம்பித்தார்கள். மேனேஜர் அசையவில்லை.  நானே ஷோரூம் போனை எடுத்து, அந்த மில் முதலாளி வீட்டுக்குப் போட்டு, ஸ்பீக்கரில் வைத்தேன்.

"அந்த வண்டியா?" என்றது மறுமுனை. "நாங்க மதுரையில ஒசந்த வண்டி எடுத்து எம்புட்டு நாளாச்சு. ஏன், அது இன்னுமா விக்கல?"

"மகராசன் மதுரைக்குப் போயிட்டாராம்ல" என்று பேச்சியம்மாள்தான் சிரித்தார். முருகேசன் சிரிக்கவில்லை. "வேற ஊர்ல எடுத்துக்கிடுவோம். இவுககிட்டக் கெஞ்சி வாங்கணும்னு என்ன இருக்கு?" என்றார் மனைவியிடம்.

"வேற ஊர்லயும் இதே ஆளுகதான் உக்காந்திருப்பாக. வண்டி என்னங்க பண்ணுச்சு?"

முருகேசன் வண்டியை ஒருமுறை சுற்றி வந்தார். பிறகு என்னிடம், "எழுதும்மா. அவ பேருல எழுது" என்றார். அத்தனை பேர் பார்த்துக்கொண்டிருக்க, மேனேஜரால் மறுக்க முடியவில்லை.

இதோடு முடிந்திருந்தால் நான் இப்படிக் கொதித்துக்கொண்டிருக்க மாட்டேன். இன்று சாயங்காலம் கிளம்பும்போது மேனேஜர் கூப்பிட்டார். வண்டியைப் பின்னால் இருக்கிற சர்வீஸ் கேட் வழியாகக் கொடுத்து அனுப்ப வேண்டுமாம். மாலை வேண்டாம், படம் வேண்டாம். "சத்தமில்லாம போயிருச்சுன்னா, மொத வண்டி இன்னும் போகலைன்னுதான் ஊருக்குத் தெரியும். பெரிய வீடு வேற யாராவது வருவாக."

விற்றதையே விற்கவில்லை என்று காட்டினால்தான் விற்பனை நடக்கும் என்று நம்புகிற ஒரு வியாபாரம் உலகத்தில் வேறெங்காவது இருக்குமா? நாளைக்குக் கம்பெனி இந்த வண்டியை நிறுத்தினால், மக்களுக்குப் பிடிக்கவில்லை என்று காரணம் சொல்வார்கள். எந்த மக்களுக்கு? அவர்கள் உட்கார்ந்து பார்க்க நாங்கள் எப்போது கதவைத் திறந்துவிட்டோம்?

இந்த ஒரு வண்டி போனதால் கம்பெனி மனம் மாறிவிடும் என்று நான் நினைக்கவில்லை. என் வேலை இன்னும் எத்தனை நாள் என்றும் தெரியாது. ஸ்ரீவில்லிபுத்தூர் வீட்டுக்கு பஸ்ஸில் வரும்போது வீட்டு வாடகையை நினைத்தேன், பயமாகத்தான் இருந்தது. இப்போதும் இருக்கிறது. நீங்கள் இருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள்? பேசாமல் இரு என்றா? இல்லை, இந்த முறையாவது என் பக்கம் வந்து நின்றிருப்பீர்களா?

நீங்கள் எதைச் சொல்லியிருந்தாலும் சரி, நான் செய்யப்போவதைச் சொல்லிவிடுகிறேன். காலையில் மாலையை நானே வாங்கிக்கொண்டு போவேன். வண்டியை முன்வாசல் வழியாக, மெயின் ரோட்டைப் பார்த்து இறக்குவேன். பேச்சியம்மாள் சாவி வாங்குகிற படத்தைப் பெரிதாக்கி அந்தக் காலி இடத்தில் மாட்டுவேன். மேனேஜர் அதைக் கழற்றினால் என்னையும் சேர்த்துக் கழற்றட்டும். ஆணி அடித்த ஓட்டையை அவரால் என்ன செய்ய முடியும்?

தெருவைக் கேட்காமல் நீங்கள் தங்கச்சியாக்கிக்கொண்ட
மகேஸ்வரி